மூளையில் நீர்க்கட்டி என்றால் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போவது? இரண்டு இடங்களில் எடுத்த அனுபவம்

என் தம்பிக்குச் சிறுமூளையில் நீர்க்கட்டியோடு சேர்ந்த ஒரு கட்டி இருந்தது. வயது 33. அதற்காக முதலில் திருச்சியில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரிலும், அப்புறம் சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையின் ரேடியாலஜி பிரிவிலும் எம்ஆர்ஐ எடுத்தோம். இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை. ஒரு சென்டரில் இன்று படம் பார்க்கிற டாக்டர் அடுத்த மாதம் வேறு ஊரில் இருப்பார், பெயரை நம்பிப் போகிறவருக்கும் இதே கவனிப்பு கிடைக்கும் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. போவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும், அதைச் சொல்கிறேன்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருச்சிக்கு ஐந்துக்கு இரண்டு, சென்னைக்கு ஐந்துக்கு நாலரை. சென்னையில் இருந்தது 3 டெஸ்லா மெஷின், திருச்சியில் 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தத்தின் வலிமையைச் சொல்கிற அளவு). வித்தியாசம் அதனால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். திருச்சிப் படங்களும் தெளிவாகவே இருந்தன, சென்னை ரேடியாலஜிஸ்ட்டே, அதாவது ஸ்கேன் படங்களைப் படித்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரே, அதைச் சொன்னார். படம் எடுப்பதற்கு முன் யார் என்ன கேட்டார்கள், எடுத்த பிறகு யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்பதில்தான் இரண்டு இடமும் அவ்வளவு தூரம் விலகி நின்றன.

தம்பிக்கு வந்த தொந்தரவு இதுதான்: காலையில் எழுந்ததும் பின்மண்டை வலி, வாந்தி எடுத்தால் கொஞ்சம் குறையும், போகப் போக நடையில் தள்ளாட்டம். முதலில் கேஸ் என்றும் சைனஸ் என்றும் மாத்திரை ஓடியது. கண்ணாடிக்காக ஒரு கண் டாக்டரிடம் போனபோது அவர்தான் விழித்திரையைப் பார்த்துவிட்டு, கண் நரம்பு வீங்கியிருக்கிறது, தலைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம், உடனே ஸ்கேன் எடுங்கள் என்றார். அவருக்கு எங்கள் வீடே கடமைப்பட்டிருக்கிறது.

திருச்சி சென்டரின் நல்ல விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். போன அன்றே இடம் கிடைத்தது. கட்டணம் நியாயம். டெக்னீஷியன் நல்ல பையன், காதுக்குப் பஞ்சும் ஹெட்போனும் கொடுத்தார், கையில் அழுத்துகிற பந்தைக் கொடுத்து, பயமாக இருந்தால் அழுத்துங்கள், உடனே வெளியே எடுத்துவிடுவேன் என்றார். மெஷின் போடுகிற சத்தம் சாதாரணமானதல்ல, தலையைக் கூண்டு மாதிரி ஒன்றுக்குள் வைத்து அரை மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும், அந்த நேரத்தில் இப்படி ஒருவர் பேசிக்கொண்டிருப்பது பெரிய தைரியம். மாலையில் ரிப்போர்ட் வந்துவிட்டது.

இனி குறைகள். கவுண்டரில் நிரப்பிய படிவத்தில் 'எதற்காக ஸ்கேன்' என்ற இடத்தில் அந்த ஊழியர் 'தலைவலி' என்று ஒரே வார்த்தை எழுதிக்கொண்டார். தள்ளாட்டம், வாந்தி, கண் டாக்டர் சொன்னது எதுவும் உள்ளே போகவில்லை. கண் டாக்டரின் சீட்டு என் கையில் இருந்தது, அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. காய்ச்சல் உண்டா, வலிப்பு வந்ததா, வீட்டில் யாருக்காவது கட்டி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. படத்தில் கட்டி போன்றவற்றை ஒளிர வைக்கிற கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் பிளெயின் ஸ்கேன் மட்டும் எடுத்து அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் சிறுமூளையின் வலது பக்கத்தில் இத்தனை மில்லிமீட்டரில் ஒரு நீர்க்கட்டி என்று அளவு போட்டு, கீழே நான்கு பெயர்கள்: அராக்னாய்டு சிஸ்ட், சீழ்க்கட்டி, நாடாப்புழுக் கட்டி, கட்டி (ட்யூமர்) வகையாகவும் இருக்கலாம். யாரிடம் விளக்கம் கேட்பது என்றால், ரிப்போர்ட் வெளியூரிலிருந்து ஆன்லைனில் வருகிறது, இங்கே டாக்டர் இல்லை என்றார்கள். வெளியூரிலிருந்து படிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சிறிய ஊர்களில் அந்த வசதி இல்லாவிட்டால் ரிப்போர்ட்டே கிடைக்காது. ஆனால் அந்த டாக்டருக்கு ஒரு போன் போடக்கூட வழி இல்லை என்பது சரியில்லை.

அந்த நான்கு பெயர்களையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும்? அராக்னாய்டு சிஸ்ட் என்றால் பெரும்பாலும் ஒன்றுமே செய்ய வேண்டாம், பிறவியிலேயே வந்த தண்ணீர்ப் பை, வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும், அப்படியே விட்டுவிடலாம். சீழ்க்கட்டி என்றால் அவசரம், சீழை எடுத்து வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக். நாடாப்புழுக் கட்டி என்றால் பெரும்பாலும் மாத்திரையே போதும். கட்டி என்றால் ஆபரேஷன். நான்கும் நான்கு திசை. நான்கையும் ஒரே வரியில் எழுதிக் கொடுப்பதற்கு ரேடியாலஜிஸ்ட் எதற்கு?

இதைக் கோபத்தில் சொல்லவில்லை, படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன். இந்த நான்கையும் பிரிப்பதற்கு எம்ஆர்ஐயிலேயே வழி இருக்கிறது. அராக்னாய்டு சிஸ்ட்டில் இருப்பது மூளையைச் சுற்றியிருக்கிற அதே தண்டுவட நீர். ஃபிளேர் என்று ஒரு வகைப் படம் எடுப்பார்கள், அதில் அந்த நீர் முழுக்கக் கறுத்துப்போகும். கட்டியிலிருந்து ஊறுகிற நீரில் புரதம் அதிகம், ஃபிளேரில் அது பெரும்பாலும் முழுசாகக் கறுக்காமல் சாம்பலாக நிற்கும். சீழ் கெட்டியானது, அதற்குள் நீர் மூலக்கூறுகள் தாராளமாக நகர முடியாது, அதனால் டிஃப்யூஷன் படத்தில் சீழ்க்கட்டி பளிச்சென்று வெளுத்துத் தெரியும், கூடவே வருகிற ஏடிசி படத்தில் கறுக்கும். கட்டியின் நீரோ அழுகலோ பொதுவாக இதற்கு நேரெதிர். எபிடெர்மாய்டு என்று ஒரு வகை உண்டு, மற்ற படங்களில் தண்ணீர் மாதிரியே இருந்து ஏமாற்றும், டிஃப்யூஷனில் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்கெல்லாம் விதிவிலக்கு உண்டுதான். ஆனாலும் டிஃப்யூஷன் படத்துக்கு ஓரிரு நிமிடங்களே ஆகும், ஊசி வேண்டாம்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இதுதான்: திருச்சியில் டிஃப்யூஷன் படம் எடுத்திருந்தார்கள். படங்களைப் பதிந்து கொடுத்த சிடி தட்டில் அது இருந்தது. ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சென்னையில் அந்த சிடியைப் போட்டதும் ரேடியாலஜிஸ்ட், இது சீழ் இல்லை, அதை விட்டுவிடலாம் என்று சொன்னார். அவர் பார்த்தது அதே படத்தைத்தான்.

நாடாப்புழு விஷயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம் ஊரில் அது அதிகம். பன்றி நாடாப்புழுவின் முட்டை அசுத்தமான தண்ணீர், சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி வழியாக வயிற்றுக்குள் போய், லார்வா மூளைக்குள் தங்கிவிடுகிறது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும். எம்ஆர்ஐயில் சின்னப் பைக்குள் ஒரு புள்ளி தெரியும், அது புழுவின் தலை. ஒரு காலத்தில் வலிப்போடு வந்து சிடி ஸ்கேனில் ஒற்றைச் சின்னக் கட்டி தெரிந்தாலே காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுத்தார்கள். வேலூர் சிஎம்சியில் டாக்டர் ராஜசேகரும் டாக்டர் சாண்டியும் 1980களின் கடைசியிலும் 1990களிலும் செய்த ஆய்வுகள்தான் அவற்றில் பெரும்பாலானவை புழுவால் வந்தவை என்று காட்டின. கட்டி 20 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா, மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கிறதா, தலைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி உண்டா என்று பார்த்துப் பிரிக்க ஓர் அளவுகோலையும் கொடுத்தார்கள். எத்தனை பேர் தேவையில்லாத மாத்திரையிலிருந்தும் தேவையில்லாத மண்டை அறுவையிலிருந்தும் தப்பித்திருப்பார்கள்! இத்தனைக்கும் அதெல்லாம் சிடி ஸ்கேனை வைத்தே செய்தது. இன்றைக்கு நம் கையில் இருக்கிற மெஷினுக்கு அது எவ்வளவோ பின்தங்கியது. கேள்வி சரியாக இருந்ததால் பழைய மெஷினிலேயே பதில் கிடைத்தது.

சரி, சென்னைக்கு வருகிறேன். நியூரோ சர்ஜன் எழுதிய சீட்டில் வயது, அறிகுறிகள், எத்தனை நாளாக, எங்கே நீர்க்கட்டி, எதைச் சந்தேகிக்கிறார், எந்தெந்தப் படம் வேண்டும் என்று எல்லாம் இருந்தது. ஸ்கேனுக்கு முன் ரேடியாலஜிஸ்ட்டே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். பழைய சிடியைப் பார்த்தார். அப்பா பக்கம், அம்மா பக்கம் யாருக்காவது கண்பார்வை திடீரென்று போனதா, சிறுநீரகத்தில் கட்டி வந்ததா, மூளை ஆபரேஷன் நடந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்போது எனக்கு அது எதற்கென்று புரியவில்லை.

அடுத்து அவர் கேட்டதைத் தொழில் செய்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தம்பி துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் வேலை செய்கிறான், வெல்டிங், கிரைண்டிங் எல்லாம் உண்டு. அதைக் கேட்டதும், "தம்பி, கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் பட்டு டாக்டர்கிட்ட போய் எடுத்திருக்கீங்களா?" என்றார். "அது அடிக்கடி நடக்கும் சார்" என்றான். உடனே கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துத் தூள் எதுவும் உள்ளே தங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் மெஷின் அறைக்குள் விட்டார். கண்ணுக்குள் இரும்புத் துணுக்கு இருந்தால் அந்தக் காந்தம் அதை நகர்த்திப் பார்வையையே பறித்துவிடலாம். திருச்சியில் அரைஞாண், மோதிரம், பேஸ்மேக்கர் பற்றிக் கேட்டார்கள், வேலை என்ன என்று கேட்கவே இல்லை. பட்டறைகளும் ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகளும் நிறைந்த ஊரில் இந்த ஒரு கேள்வி இல்லாமல் எம்ஆர்ஐ சென்டர் நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. திருச்சிக்கு நான் குறைத்த மதிப்பெண்ணில் ஒன்று இதற்காகவே.

கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்தார்கள். இந்த ஊசியைப் பற்றி நம்மவர்களுக்குப் பயம் அதிகம், கிட்னி போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். எம்ஆர்ஐக்குப் போடுவது கடோலினியம் சேர்ந்த மருந்து, சிடி ஸ்கேனுக்குப் போடுகிற அயோடின் மருந்து வேறு. சிறுநீரகம் ஏற்கெனவே மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு எச்சரிக்கை தேவை, மற்றவர்களுக்குப் பொதுவாகப் பிரச்சினை வருவதில்லை. மருந்திலும் இரண்டு வகை உண்டு, லீனியர், மேக்ரோசைக்ளிக் என்று. உடம்பில் கடோலினியம் கொஞ்சம் தங்குகிறது என்று தெரிந்த பிறகு ஐரோப்பாவில் 2017இல் மூளை ஸ்கேனுக்கு லீனியர் வகையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். தம்பிக்கு வருடக்கணக்கில் இந்த ஊசி திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்பதால் எந்த வகை என்று கேட்டேன், மேக்ரோசைக்ளிக் என்று சொல்லிப் பாட்டிலையும் காட்டினார்கள். கேட்டால் முகம் சுளிக்காத இடம் என்பதற்கே தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஊசி போட்டு எடுத்த படத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. பெரிய நீர்க்கட்டியின் சுவரில் ஓர் ஓரமாக, சிறுமூளையின் மேற்பரப்பை ஒட்டி, ஒரு சின்ன முடிச்சு பளீரென்று ஒளிர்ந்தது. நீர்க்கட்டியின் சுவர் ஒளிரவே இல்லை. முடிச்சைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், கோடுகள். வேகமாக இரத்தம் ஓடுகிற குழாய்கள் எம்ஆர்ஐயில் அப்படித்தான் கறுத்துத் தெரியுமாம். இரத்த ஓட்டத்தை அளக்கிற பெர்ஃப்யூஷன் படத்தில் அந்த முடிச்சில் ஓட்டம் மிக அதிகம். இவ்வளவையும் வைத்து அவர் எழுதியது ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா, அதாவது இரத்தக் குழாய்கள் மண்டிய, முதல் கிரேடு கட்டி, புற்றாகப் பரவாதது.

சுவரில் முடிச்சோடு நீர்க்கட்டி என்றால் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்று இன்னொன்றும் உண்டு. அது பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது, அதுவும் முதல் கிரேடுதான், முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் நன்றாகிவிடுகிறார்கள். படத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் அதில் இரத்த ஓட்டம் இவ்வளவு இருக்காது, சுற்றிலும் பெரிய குழாய்கள் தெரியாது. பெர்ஃப்யூஷன் எடுத்ததன் பயன் அங்கேதான். கட்டிக்குள் இருக்கிற வேதிப்பொருட்களை அளக்கிற ஸ்பெக்ட்ராஸ்கோபியும் எடுத்துவிடலாமா சார், பணம் பரவாயில்லை என்று நான் கேட்டேன். வேண்டாம் என்றார். முடிச்சு சின்னது, பக்கத்தில் எலும்பு, மறுபக்கம் நீர், அளக்கிற கட்டத்துக்குள் எல்லாம் கலந்துவிடும், வருகிற எண்ணை நம்ப முடியாது என்று விளக்கினார். பில்லைக் கூட்டுகிற வாய்ப்பு வந்தும் வேண்டாம் என்று சொன்னவர்! சீழா, டிபியா, கட்டியா என்று சந்தேகம் இருக்கிற பெரிய கட்டிகளில் அந்தச் சோதனை உதவும் என்பதையும் அவரே சொன்னார்.

இந்தப் பெயர் தெரிந்ததால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். சர்ஜன் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. கிணற்றில் நீரை மட்டும் இறைத்தால் ஊற்று திரும்ப நிரப்பிவிடும், ஊற்று அந்த முடிச்சு, அதை எடுத்தால் நீர்க்கட்டி தானாகச் சுருங்கும், சுவரைத் தொட வேண்டியதே இல்லை என்றார். அடுத்தது, இந்த முடிச்சைத் துண்டு துண்டாகக் கிள்ளி எடுக்க முடியாது, இரத்தம் கொட்டும். வருகிற குழாய்களை ஒவ்வொன்றாக மூடி, முடிச்சை முழுசாக ஒரே துண்டாக எடுக்க வேண்டும். ஆக, ஒரு ஊசி போட்டு ஒரு முறை படம் எடுத்ததில் ஆபரேஷன் திட்டமே தீர்மானமானது. இதே நீர்க்கட்டியின் சுவரும் சேர்ந்து ஒளிர்ந்திருந்தால், சுவரிலும் கட்டி இருக்கலாம் என்று வேறு திட்டம். சுவர் தடித்து, ஒழுங்கில்லாமல், உள்பக்கம் பிசிறு பிசிறாக ஒளிர்ந்தால் கிளியோபிளாஸ்டோமா போன்ற கொடியவற்றையும், வயதானவர்களில் நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களிலிருந்து பரவியதையும் நினைப்பார்கள். பிளெயின் ஸ்கேனில் இதெல்லாம் சரியாகத் தெரியாது. திருச்சி ரிப்போர்ட்டின் கடைசியில் கான்ட்ராஸ்ட் போட்டு எடுங்கள் என்று ஒரு வரி இருந்திருந்தாலே நான் மூன்று மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கும் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. இந்தக் கட்டி வருகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வான் ஹிப்பல் லிண்டாவ் என்கிற மரபணுக் குறை இருக்கிறது. அவர்களுக்கு விழித்திரை, தண்டுவடம், சிறுநீரகம், கணையம், அட்ரீனல் என்று பல இடங்களில் கட்டிகள் வரலாம். அதனால் தண்டுவடம் முழுவதும் எம்ஆர்ஐ, வயிற்றுக்கு ஸ்கேன், மறுபடியும் கண் பரிசோதனை, மரபணுவுக்கு இரத்தப் பரிசோதனை எல்லாம் நடந்தன. தம்பிக்கு அந்தக் குறை இல்லை. இருந்திருந்தால் வாழ்நாள் முழுக்கக் குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுக்க வேண்டும், வீட்டில் மற்றவர்களுக்கும் சோதனை தேவைப்படும். அப்படிப்பட்டவர்களுக்கு பெல்சூட்டிஃபான் என்ற மாத்திரையை அமெரிக்காவில் 2021இல் அனுமதித்திருக்கிறார்கள் என்பதும் அங்கே பேசும்போதுதான் தெரிந்தது.

இந்த நேரத்தில் படித்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலகத்தில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு சிடி ஸ்கேன் எடுத்தது 1971 அக்டோபர் 1, லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில். மெஷினை உருவாக்கியவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, கூட இருந்த ரேடியாலஜிஸ்ட் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். 80க்கு 80 புள்ளிகளில் வந்த அந்த மங்கலான படத்தில் ஒரு பெண்ணின் முன்மூளையில் தெரிந்தது நீர்க்கட்டியோடு கூடிய கட்டி! திறந்து பார்த்த சர்ஜன் படத்தில் இருந்தபடியே இருக்கிறது என்றாராம். ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதற்கான கணக்கைத் தனியாக வகுத்த ஆலன் கோர்மாக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னால் முதுகில் அல்லது மண்டையில் ஊசி போட்டு மூளையின் நீரறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்களாம், அந்த வலியை நினைத்தால் இந்த மெஷின் சத்தத்தை யாரும் குறை சொல்ல மாட்டோம்.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் பிரிவின் வேலை முடியவில்லை. ஒரு மில்லிமீட்டர் கனத்தில் தலை முழுவதும் கான்ட்ராஸ்ட் படம் தனியாக எடுத்தார்கள். அதை நேவிகேஷன் கம்ப்யூட்டரில் ஏற்றி, கருவியின் முனை மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே ஆபரேஷன் செய்கிறார்கள். இதற்குப் பிலிம் எந்த உபயோகமும் இல்லை, சிடியில் டைகாம் வடிவில் மூலப் படங்கள் வேண்டும். திருச்சியில் சிடி கேட்டபோது, பிலிம் கொடுத்துவிட்டோமே என்று இழுத்து, தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். நம் ஊரில் இன்னும் பெரிய பிலிம் கவரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள்தான் அதிகம். பிலிமில் இருப்பது எடுத்த நூற்றுக்கணக்கான படங்களில் யாரோ பொறுக்கி அச்சடித்த சில, அவ்வளவுதான். சிடி இல்லாமல் வெளியே வராதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து 72 மணி நேரத்துக்குள் ஒரு எம்ஆர்ஐ எடுத்தார்கள். தையல் வலியோடு இருக்கிறவனை ஏன் மறுபடியும் மெஷினுக்குள் தள்ளுகிறீர்கள் என்று அம்மா அழுதுவிட்டார்கள். காரணம் இருக்கிறது: நாளாகிவிட்டால் ஆபரேஷன் தழும்பும் ஊசிக்கு ஒளிரத் தொடங்கும், அப்புறம் மிச்சம் இருப்பது கட்டியா தழும்பா என்று பிரிப்பது கஷ்டம். ரேடியாலஜிஸ்ட் அம்மாவையே திரைக்கு முன் உட்கார வைத்துப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார், முடிச்சு இருந்த இடத்தையும் அழுந்திக் கிடந்த நான்காம் நீரறை திறந்திருப்பதையும் விரலால் காட்டினார். "பாருங்கம்மா, வழி விட்டிருச்சு" என்றார். அம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது. கடைசி வார்த்தை பயாப்ஸியுடையதுதான், ஸ்கேன் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அது வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவும் ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா என்றே வந்தது.

சென்னைக்கு அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன்? அவசரம் என்று சீட்டில் எழுதியிருந்தும் புக்கிங் கவுண்டரில் அலையவிட்டார்கள், ஒரு ஜன்னல் பணத்துக்கு, ஒன்று நேரத்துக்கு, இன்னொன்று இரத்த ரிசல்ட்டுக்கு. தள்ளாடுகிறவனைப் பிடித்துக்கொண்டு மாடி மாறி மாறிப் போக வேண்டியிருந்தது. கான்ட்ராஸ்ட், பெர்ஃப்யூஷன், கண் எக்ஸ்ரே எல்லாம் தனித்தனி பில், மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே சொல்லவில்லை. படங்களைப் போனில் பார்க்க ஒரு லிங்க் அனுப்புகிறார்கள், கொஞ்ச நாளில் அது வேலை செய்யாமல் போகிறது, அதனால் இங்கேயும் சிடியை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது.

பணத்தைப் பற்றி: சென்னை ஸ்கேன் செலவு திருச்சியைவிட மிகக் கூடுதல், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் திருச்சியில் கட்டிய பணமும் வீணாகத்தான் போனது, ஏனென்றால் அதே ஸ்கேனை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. கையில் பணம் இல்லாதவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைப் பாருங்கள். அங்கே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நடத்துகிற எம்ஆர்ஐ மையங்களில் கட்டணம் தனியாரைவிடக் குறைவு, நியூரோ சர்ஜரி பிரிவும் அதே வளாகத்தில் இருந்தால் படத்தையும் நோயாளியையும் ஒரே டாக்டர்கள் பார்ப்பார்கள், அது பெரிய பலம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் ஸ்கேனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் இது சேருமா என்று கேட்டுவிடுங்கள்.

வேறு வகை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியின் பக்கத்தில் வருகிற கிரேனியோஃபாரிஞ்சியோமா என்ற கட்டியில் நீர் திரும்பத் திரும்பச் சேரும், சிலருக்குத் தோலுக்கு அடியில் ஒமாயா ரிசர்வாயர் என்ற சின்னப் பை பொருத்தி, தேவைப்படும்போது ஊசியால் நீரை எடுப்பார்கள். அங்கே ஸ்கேனின் வேலை நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, பார்வை நரம்பை அழுத்துகிறதா என்று காலாகாலத்தில் அளப்பது. குழந்தைகள் அசையாமல் படுக்க மாட்டார்கள், மயக்க மருந்து டாக்டர் இருக்கிற இடத்துக்கே கூட்டிப்போங்கள். தொடர் ஸ்கேன் யாருக்கானாலும், முடிந்தவரை ஒரே சென்டரில், ஒரே வகைப் படங்களாக எடுங்கள். ரிப்போர்ட்டில் 'முந்தைய இன்ன தேதி ஸ்கேனோடு ஒப்பிடப்பட்டது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பழைய சிடியைக் கொடுத்து எழுதி வாங்குங்கள். இரண்டு மில்லிமீட்டர் கூடியிருக்கிறதா என்பதெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்காமல் தெரியவே தெரியாது.

திருச்சி சென்டரின் மேனேஜரிடம் இதையெல்லாம் நேரில் போய்ச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டார், படிவத்தில் தொழில் என்ன, கண்ணில் இரும்புத் தூள் பட்டதுண்டா என்ற கேள்விகளைச் சேர்ப்பதாகச் சொன்னார். சேர்த்தும் இருக்கிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் ஸ்கேன் எடுக்க அங்கேதான் போனோம், அப்போது பார்த்தேன். முழங்காலுக்கு அந்த இடம் தாராளமாகப் போதும். தம்பியின் தலைக்கு அடுத்த ஸ்கேன் சென்னையில்தான், பழைய சிடிகளையெல்லாம் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறான்.